கொழும்பு மழைத் தரவு இலவசமா? உலகத் தரவுக் கொள்கையில் எங்களுக்கு என்ன இருக்கிறது

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டுத் தங்கச்சி கம்பஸ் கடைசி வருட ஆய்வுக்கு மழைத் தரவு தேடி அலைகிறாள். "உலக நாடுகள் எல்லாம் தரவை இலவசமாகப் பகிர ஒத்துக்கொண்டாச்சே அண்ணா, பிறகேன் இங்கே காசு கேட்கிறார்கள்?" என்றாள். கேள்வி நியாயம்தான், ஆனால் அந்த உடன்பாட்டைப் பலர் பாதிதான் விளங்கி வைத்திருக்கிறார்கள்.

2021 ஒக்டோபரில் உலக வானிலை அமைப்பு ஒருங்கிணைந்த தரவுக் கொள்கையை நிறைவேற்றியது. அதற்கு முன் வானிலைக்கு 1995இல் ஒன்று, நீரியலுக்கு 1999இல் ஒன்று, காலநிலைச் சேவைக்கு 2015இல் ஒன்று என்று தனித்தனித் தீர்மானங்கள் கிடந்தன. இப்போது கடல், ஆறு, பனி எல்லாம் ஒரே கொள்கைக்குள். அது தரவை இரண்டாகப் பிரிக்கிறது. அடிப்படைத் தரவை நாடுகள் கட்டாயம் பகிர வேண்டும், காசு கேட்கவும் கூடாது, நிபந்தனை போடவும் கூடாது. பரிந்துரைத் தரவு அப்படியில்லை, பகிர்ந்தால் நல்லது, நிபந்தனையும் போடலாம். இழுபறி எல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

சரி, அடிப்படை என்பது எவ்வளவு? இந்தக் கொள்கையின் கீழ் நாடுகளின் நிலையங்களை இணைக்கிற உலக அடிப்படை அவதானிப்பு வலையமைப்பு கேட்பது, தரையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், மணிக்கொரு அளவீடு. பலூன் விட்டு மேல்வளியை அளப்பதென்றால் 500 கிலோமீட்டருக்கு ஒன்று, நாளுக்கு இரண்டு தடவை. வடக்கிலிருந்து தெற்கே 435 கிலோமீட்டர்தான் இருக்கிற எங்கள் தீவுக்கு இது கைவிரலில் எண்ணி முடிந்துவிடும். உலக முன்னறிவிப்புக்கு அது காணும், கொழும்பை அடுத்த கொலன்னாவையில் எந்த ஒழுங்கைக்குள் களனி கங்கை வெள்ளம் வரும் என்று பார்க்கிற பிள்ளைக்கு எங்கே காணும்?

இன்னொன்று, இது நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. திணைக்களக் கவுண்டரில் நின்று அதைக் காட்டி வாதாட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், கொழும்பு நிலையத்தின் நாளாந்தப் பதிவை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் தளத்திலேயே காசில்லாமல் இறக்கலாம், நிலைய இலக்கம் 43466. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைச் சேவை தரும் ஈஆர்ஏ5 என்ற தரவுத் தொகுப்பில் 1940 முதல் மணிக்கணக்கில் இருக்கிறது, ஆனால் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர், அதாவது கோட்டையும் கொலன்னாவையும் ஒரே கட்டத்துக்குள் போய்விடலாம். அது அளந்த மழையும் அல்ல, கணினி மாதிரி கணித்த மழை. அளந்தது போல ஆய்வில் எழுதிவிடாதீர்கள்.

உள்ளூர் விபரம் வேண்டுமென்றால் முதலில் வளிமண்டலவியல் திணைக்களத்திடம் மாணவர் என்று சொல்லிக் கேளுங்கள், ஆற்று நீர்மட்டம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. இதுதான் உண்மையில் உங்கள் சொந்த உரிமை. இலங்கைப் பிரசை எவரும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பிரதிக்குக் கட்டணம் வரலாம்.

கேட்கும்போது நிலையத்தின் பெயர், எந்தத் திகதியிலிருந்து எதுவரை, நாளாந்தமா மணித்தியாலமா என்பதை எழுதிவிட்டு, எக்செல் கோப்பாக வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரியை விட்டதால் ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்தது கைப்பதிவேட்டின் மங்கிய போட்டோ கொப்பி. ஒவ்வொரு இலக்கமாகத் தட்டச்சு செய்ய இரண்டு கிழமை போனது.