இழைச்சித்திரம்: தையல் மெஷினில் வரைவதற்கு ஒரு தமிழ்ப்பெயர்

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ ஒரு தையற்கடைக்குச் சென்று "மெஷின் எம்புரோய்டரி வேண்டும்" என்று கேட்டால், அந்த ஒரே பெயருக்குள் செய்முறையால் முற்றிலும் வேறான இரண்டு வேலைகள் அடங்கியிருப்பதைக் காணலாம். ஒன்று, கணினியில் ஏற்றிய வடிவத்தைப் பொறி தானாகவே தைத்து முடிப்பது. மற்றது, சாதாரண மிதி மெஷினில், துணியை வளையத்தில் இறுக்கிக் கையால் நகர்த்தி, நூலாலே படம் வரைவது. இந்த இரண்டாவதைக் காணொளிகளில் பார்த்துப் பழகும் இளையவர்கள் "ப்ரீ மோஷன் எம்புரோய்டரி" என்கிறார்கள். நிறத்தின்மேல் நிறமாக நூலை அடுக்கிச் செய்தால் "த்ரெட் பெயின்டிங்" என்கிறார்கள். தமிழில் இதற்கென ஒரு தனிப்பெயர் வேண்டும்.

பெயரைத் தேடுமுன் வேலையைப் பார்க்க வேண்டும். வழக்கமான தையலில், ஊசித்தட்டின் கீழிருந்து எழும் பற்கள் துணியை நகர்த்திச் செல்கின்றன. மேலே பாதம் துணியை அமர்த்திப் பிடிக்கிறது. தைப்பவர் நேர்கோடு பிசகாமல் பார்த்துக்கொண்டாற் போதும். வரையும்போதோ அந்தப் பற்களை இறக்கிவிடுவார்கள், இறக்க வழியில்லாத பழைய மெஷினில் தகடு வைத்து மூடுவார்கள், பாதத்தையும் கழற்றிவிடுவார்கள். அதன்பின் துணியை நகர்த்த மெஷினிடம் ஒன்றுமே இல்லை. ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்க, கை கொண்டுபோன வழியெல்லாம் கோடாகிறது. பேனா அசையாமல் நிற்கத் தாளை அசைத்து எழுதுவது போன்றது இது. கை முந்தினால் தையல் நீண்டு தளரும். கால் முந்தினால் நூல் ஓரிடத்தில் குவியும். ஆரையம்பதியில் என் பெரியம்மா எனக்கு இதைப் பழக்கிய நாளில், பாதந்தான் இல்லையே என்று எண்ணி, அதைத் தூக்கி இறக்கும் பிடியை இறக்காமலே மிதித்துவிட்டேன். அந்தப் பிடி இறங்கினாற்றான் மேல்நூலுக்கு இறுக்கம் வரும். துணியைத் திருப்பிப் பார்த்தபோது, அடியில் நூல் குருவிக்கூடாகக் கட்டியிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, "துணிய இழுக்காத புள்ள, கூட்டிக்கொண்டு போ" என்றார் பெரியம்மா. பின்னொருநாள் ஒரு தலையணை உறையில் கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களை அவர் கறுப்பு நூலால் வரைந்தார். ஒவ்வொரு சட்டமும் முடியும் இடத்தில் கை சற்றே தயங்கித் திரும்பிய தடம் துணியில் இருந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். எம்புரோய்டரி என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அந்தப் பிரெஞ்சு வினையின் அடியிற் கிடப்பது, கூர்முனை என்னும் பொருளையுடைய ஜெர்மானிய வேர். தமிழில் 'தை' என்னும் வினையும் முனையிலிருந்தே தொடங்குகிறது. முள் தைத்தது, அம்பு தைத்தது என்கிறோமே, அந்தத் தைத்தலே துணியில் ஊசி தைப்பதும். தொலைவிலுள்ள இரண்டு மொழிகள் ஒரே ஊசிமுனையிலிருந்து தத்தம் சொல்லை எடுத்துக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

தையலுக்குத் தமிழில் இன்னொரு பழஞ்சொல் 'துன்னம்'. துன்னுதல் என்றால் நெருங்குதல், பொருந்துதல். ஆகவே துன்னம் என்பது இரண்டு துண்டுகளைப் பொருத்தும் தையல். புகார் நகரின் தொழிலாளரைச் சொல்லும் சிலப்பதிகாரம் "துன்ன காரரும் தோலின் துன்னரும்" என்று தையற்காரரையும் தோல் தைப்போரையும் சேர்த்துச் சொல்கிறது. பொருநராற்றுப்படையிலோ நமக்கு வேண்டிய மூன்று சொற்களும் அருகருகே கிடைக்கின்றன. பொருநன் உடுத்திருந்தது "வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்", அதாவது வேறு நூல் நுழைத்துத் தைத்த கந்தல். அதை நீக்கிக் கரிகாலன் கொடுத்தது "நோக்குநுழை கல்லா நுண்மைய பூக்கனிந்து" விளங்கிய ஆடை, அதாவது இழை போன வழியைப் பார்வையால் தொடர முடியாத நுண்மையும் பூவேலையும் உடையது. கந்தலுக்குத் துன்னல், நூலுக்கு இழை, அழகுக்குப் பூ. சட்டைக்குப் பூப்போட்டுத் தாருங்கள் என்று இன்றும் நம் பெண்கள் கேட்பது அந்தப் பூவைத்தான்.

மெஷினின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் பூட்டுத்தையல் மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றது 1846 இல். சிங்கர் பெற்றது 1851 இல். சிங்கர் நிறுவனம் இலங்கையில் வணிகம் தொடங்கியது 1877 இல். சுவிற்சர்லாந்தில் 1863 இல் உருவான பூத்தையற் பொறிக்கு 'ஷிஃப்லி' என்று பெயர். அதன் நூல்தாங்கி படகு வடிவில் இருந்ததால் 'சிறுபடகு' எனப் பொருள்படும் அந்தப் பெயர் வந்தது. தமிழிலும் ஓடம் என்ற சொல் படகையும் நெசவில் இழை கொண்டு ஓடும் கருவியையும் ஒருங்கே குறிப்பதை மருதமுனைத் தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

இனி நிகர்ச்சொல். 'ப்ரீ மோஷன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் 'சுதந்திர அசைவுப் பூத்தையல்' என்று எழுதினால், எது அசைகிறது, எதிலிருந்து விடுபட்டது என்று எவருக்கும் விளங்காது. 'நூலோவியம்' இனிய சொல். ஆனால் நூல் புத்தகமும் ஆகுமாதலால், நூலுக்கு வரைந்த ஓவியம் என்று மயங்க இடமுண்டு. 'தையலோவியம்' என்றால், தையல் பெண்ணையும் குறிக்கும் சொல்லாதலால், பெண்ணின் ஓவியம் என்றாகிவிடும். 'பூத்தையல்' எல்லா எம்புரோய்டரிக்கும் பொதுப்பெயராகப் பொருந்துமேயன்றி, பாலத்தையும் முகத்தையும் வரையும் இவ்வேலையைத் தனித்துக் காட்டாது. ஆகவே 'இழைச்சித்திரம்' என்பதையே நான் தெரிந்தெடுக்கிறேன். நம் பாடசாலைகளில் வரைதற் பாடத்தின் பெயரே சித்திரம். ஆதலால் அது பிள்ளைகளுக்கும் அந்நியமாகாது. இழை நூலைக் குறிப்பதோடு, இழைத்தல் என்ற வினையாகி நுணுக்கமாகச் செய்தலையும் குறிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சித்திரம் என்றவுடன் வரைந்த ஒரு கை நினைவுக்கு வருகிறது; இந்த வேலையைக் கணினித் தையலிலிருந்து பிரிப்பதும் அந்தக் கைதான்.

கையூசியால் வரைந்ததையும் இழைச்சித்திரம் என்னலாம். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் 'பொறி இழைச்சித்திரம்' என்று எழுதலாம். பொறித்தல் என்றால் பதித்து எழுதுதல், பொறி என்றால் இயந்திரம். இரண்டு பொருளும் இங்கே ஒத்துப்போகின்றன. கணினி தைப்பதைக் 'கணினிப் பூத்தையல்' என்று தனியே வழங்கலாம்.