மண்டபம் பார்க்கப் போனால் முதலில் பின்பக்கம் போங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இருபது வருடமாகக் கல்யாண வேலை எடுத்துச் செய்கிறேன். மண்டபம் பார்க்க வருகிறவர்கள் நேராக மணமேடைக்குப் போய் நிற்பார்கள். நான் அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போவேன். ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது, சமையல்கட்டின் தரை தெருவைவிட மேடா பள்ளமா, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டுவேன். கடலோரத்தில் கல்யாணம் நல்லபடி நடப்பது பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

நம் முகூர்த்தக் கணக்கு அப்படி. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை. சித்திரையும் வைகாசியும் கத்திரி வெயிலில் மாட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டது. மார்கழி என்பதால் கல்யாணங்கள் தப்பின. 2018இல் கஜா ஐப்பசி முடியும் தறுவாயில் வந்தது. 2020இல் நிவர், 2024இல் பெஞ்சல் இரண்டும் கார்த்திகை. மூன்றுமே முகூர்த்த மாதம். தேதியை மாற்றச் சொல்லி நான் யாரிடமும் வாதாடுவதில்லை. அந்தத் தேதிக்கு ஏற்ற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

ஒரு கார்த்திகை வரவேற்பு. மண்டபத்தை ஒட்டிய காலி மனையில் துணிப் பந்தல் போட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மழை பெரிதாகக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் பந்தலின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட ஆரம்பித்தது. யாரோ ஒரு பையன் உதவி செய்வதாக நினைத்துக் கழியால் அதை மேலே தள்ளினான். மொத்தத் தண்ணீரும் பந்தியின் ஓரத்தில் கொட்டியது. அங்கே தரையில் கிடந்தது ஃபோகஸ் லைட்டின் ஒயர் ஜாயின்ட், வெறும் டேப் சுற்றியது. எங்கள் எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நின்றதால் ஓடிப்போய் மெயினை இறக்கினார். இலை முன் உட்கார்ந்திருந்த குழந்தைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அன்றோடு முடிவு செய்தேன். ஐப்பசி, கார்த்திகையில் துணிப் பந்தல் கிடையாது. சரிவாகப் போட்ட தகர ஷீட்தான். ஒயர் ஜாயின்ட் எதுவும் தரையில் இருக்கக் கூடாது, இடுப்பு உயரத்துக்கு மேலே கட்ட வேண்டும். கசிவு மின்சாரம் வந்தால் தானே துண்டிக்கிற ஆர்சிசிபி இல்லாத போர்டில் அலங்கார விளக்கு மாட்டவே விடுவதில்லை. காற்று எச்சரிக்கை வந்தால் வாசல் ஆர்ச்சும் பிளெக்ஸும் உடனே கீழே இறங்க வேண்டும். பெண்ணின் அப்பா வருத்தப்பட்டாலும் சரி.

ஜெனரேட்டர் இருக்கிறது என்று மேனேஜர் சொன்னால் போதாது. மெயினை இறக்கச் சொல்லி, ஏசியோடு சேர்த்து அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் ஓடும்.

புயல் விஷயத்தில் குடும்பங்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: யார் முடிவெடுப்பது? மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் வாயைப் பார்ப்பார்கள், அவர்கள் இவர்கள் வாயைப் பார்ப்பார்கள். அதற்குள் காய்கறி லோடு வந்து இறங்கிவிடும், பாலுக்குச் சொல்லியாகிவிடும். வானிலை மையம் புயல் எச்சரிக்கையைக் குறைந்தது 48 மணி நேரம் முன்பும், அடுத்த கட்டத்தை 24 மணி நேரம் முன்பும் தருகிறது. நிச்சயதார்த்தத்தன்றே இரண்டு பக்கமும் ஒவ்வொருவரைப் பேசி வையுங்கள். அந்த 48 மணி நேரக் கட்டத்தில் அவர்கள் இருவரும் சொல்வதுதான் முடிவு. தாலி கட்டுவது முகூர்த்தத்தில் வீட்டிலோ கோயிலிலோ நெருங்கிய சொந்தங்களோடு நடக்கட்டும். விருந்தைத் தள்ளி வைக்கலாம். கோயிலில் என்றால் முன்பதிவும் சான்றுகளும் கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

புயல் கரையைக் கடக்கிற நாளை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். நிவர் கரையேறியது நவம்பர் 25 இரவில். கடலூர் உட்பட ஏழு மாவட்டங்களில் 24ஆம் தேதி மதியமே பேருந்தை நிறுத்திவிட்டார்கள். வெளியூர் பெரியவர்கள் கிளம்பலாமா என்று போன் செய்தால் கூச்சப்படாமல் 'வராதீங்க' என்று சொல்லுங்கள்.

வெயில் காலத்தில் எனக்குக் கவலை மணப்பெண்ணைப் பற்றித்தான். விடிகாலை மூன்று மணிக்கு அலங்காரத்துக்கு உட்காருவார். பட்டுப்புடவை கட்டிவிட்டால் பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீரே குடிக்க மாட்டார். புகை வெளியே போக ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்திருப்பார்கள், எதிரே ஹோமம். எங்கள் ஊர்க் காற்றில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. ஒரு வைகாசியில் மாலை மாற்றும் நேரத்தில் ஒரு பெண் அப்படியே சரிந்தார். இப்போதெல்லாம் தோழி ஒருவர் கையில் ஓஆர்எஸ் பாட்டில் கொடுத்துவிடுகிறேன், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட் கலந்தது. அரைமணிக்கு ஒருமுறை இரண்டு வாய். யாருக்காவது உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால் சோடா கொடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டில் தேங்காய்ச் சட்னியைப் பந்திக்குப் பந்தி புதிதாக அரைக்கச் சொல்லுங்கள். ராத்திரி மிச்சத்தைக் காலையில் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது தப்பு. சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

அப்புறம் அட்வான்ஸ். புயல், வெள்ளத்தால் தேதி மாறினால் அந்தப் பணம் அடுத்த தேதிக்குச் செல்லும் என்று மண்டபம், சமையல், போட்டோ மூன்று ரசீதிலும் கையால் எழுதி வாங்குங்கள். புயல் அறிவித்த பிறகு கேட்டால் யாரும் எழுதித்தர மாட்டார்கள். இன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்கிற நேரத்தில் கேட்டால், பேனாவை எடுத்து எழுதிக் கொடுப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.