அறுந்த நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்

"நரம்பைத் தைச்சு மூணு மாசம் ஆச்சு, விரல் இன்னும் மரத்தே இருக்கு. ஆபரேஷன் சரியா நடக்கலையா?" கண்ணாடி கிழித்து மணிக்கட்டு நரம்பு அறுபட்டு, தைத்தபின் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் ஆபரேஷன் சரியாகவே நடந்திருக்கும். மூன்று மாதத்தில் விரல்நுனிக்கு உணர்வு வந்துவிடாது.

கையில் ஓடும் ஒவ்வொரு நரம்பிழையும், தண்டுவடத்திலோ அதன் அருகிலோ இருக்கும் ஒரு செல்லின் நீட்சி. அறுந்துவிட்டால் கீழ்ப்பகுதிக்கு அந்தச் செல்லிடமிருந்து எதுவும் வராது. சில நாட்களிலேயே அது சிதைந்துவிடும். 1850இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர், தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்து இதை விவரித்தார். ஆகவே தையல் பழைய இழைகளை ஒட்டவைப்பதில்லை. நரம்பின் உறையை நேராகச் சேர்த்து, புது இழைக்கு வழி அமைக்கிறது.

அப்புறம் உள்ளே நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களும், கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் சிதைவுகளை அகற்றுகின்றன. ஷ்வான் செல்கள் பெருகி, வரிசைகட்டி நின்று, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு புது இழை இறங்குகிறது, நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி 17, 18 சென்டிமீட்டர். குறைந்தது ஆறு மாதம் ஆகும்.

நரம்பின் பாதையில் மெல்லத் தட்டினால் ஓரிடத்தில் சுரீரென்று ஷாக் அடிக்கும். இழை அதுவரை வந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. 'டினல் சைன்' என்போம். மாதாமாதம் அந்த இடம் விரலை நோக்கி நகர்ந்தால் பயப்படாதீர்கள், நல்ல செய்தி.

எல்லாக் காயத்துக்கும் இவ்வளவு காலம் ஆகாது. நாற்காலியில் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி மணிக்கட்டு தொங்கிப்போனால், பெரும்பாலும் இழை அறுந்திருக்காது, மேலுறை மட்டும் நசுங்கியிருக்கும். சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் சரியாகிவிடும். எது எந்த வகை என்று பிரித்தறிய, தசையின் மின்சார இயக்கத்தைப் பதிவுசெய்யும் இஎம்ஜி பரிசோதனை உதவும். அடிபட்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் அது தெளிவாகக் காட்டும்.

என்னை வருத்துவது பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை நரம்புகள் பிய்ந்தவர்கள்தான். பலர் ஒரு வருடம் எண்ணெய் தடவி, 'நரம்பு ஊசி' என்கிற வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்துவிட்டு வருகிறார்கள். பி12 ஊசி அறுந்த நரம்பைச் சேர்க்காது. நரம்பில்லாத தசை 12 முதல் 18 மாதத்துக்குள் புது இழையை ஏற்கும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடும். தோளிலிருந்து உள்ளங்கைக்கு இரண்டடிக்கு மேல். இழை வந்து சேர்வதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடும். அதனால்தான் பக்கத்து நரம்பிலிருந்து கிளை எடுத்து மாற்றி இணைக்கும் அறுவைசிகிச்சை செய்கிறார்கள். முழங்கையை மடக்க, சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பின் ஒரு கற்றையை, மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸுக்குக் கொடுக்கும் முறையைப் பிரெஞ்சு அறுவைசிகிச்சை நிபுணர் ஓபர்லின் 1994இல் வெளியிட்டார். இதையெல்லாம் ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். கை தூக்க வரவில்லையென்றால் முதல் மாதத்திலேயே நரம்பு அறுவைசிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் மூட்டுகள் இறுகாமல் தினமும் அசைத்துவிட வேண்டும். கையைச் சரியான நிலையில் தாங்க டாக்டர் கொடுத்த ஸ்ப்ளிண்டைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். மரத்த கையால் சூடான டம்ளரையோ தோசைக்கல்லையோ தொட வேண்டாம், சுட்டது தெரியாது. சிகரெட்டை விட்டுவிடுங்கள், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள்.

உணர்வு திரும்பும்போது ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் தெரியலாம். இழைகள் சில இடம் மாறிப் போயிருக்கும், மூளைக்கு அது புதிது. கண்ணை மூடிக்கொண்டு அரிசி, பஞ்சு, நாணயம் என்று தடவி அடையாளம் சொல்லிப் பழகுங்கள். பிறகு கண்ணைத் திறந்து சரிபாருங்கள். வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.