லேசர் செய்த காலில் மறுபடியும் வெரிகோஸ்

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்திருந்தார். புடவையைச் சற்றுத் தூக்கிக் காட்டி, "டாக்டர், மூணு வருஷம் முன்னாடி லேசர் பண்ணின கால்தான். மறுபடியும் நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றார். அப்போது வாங்கிய அதே ஸ்டாக்கிங்ஸைத்தான், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான உறையைத்தான், இன்னும் போட்டிருந்தார். தொளதொளவென்று ஆகிவிட்டதால் நழுவாமல் இருக்க மேல் விளிம்பை இரண்டாக மடித்திருந்தார். கழற்றியபோது, மடிப்பு இறுக்கிய இடத்தில் காலைச் சுற்றி ஆழமான தடம். கணுக்காலுக்கு மேலே தோல் கருத்து, சொறிந்த கீறல்கள். அரிப்பு ஒரு வருஷமாக இருக்கிறதாம்.

நரம்பு என்று நாம் சொன்னாலும் இது சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். உள்ளே இருக்கும் வால்வுகள் பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கிச் சிரை புடைத்துவிடும். இதுதான் வெரிகோஸ். சிகிச்சையில் பழுதான சிரையைத்தான் லேசர் வைத்து அடைக்கிறோம், அல்லது எடுத்துவிடுகிறோம். மற்ற சிரைகள் அப்படியே இருக்கின்றன. கால் அதே பத்து மணி நேரம் நிற்கிறது. எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குத் திரும்ப வரும். அது அவர்கள் தப்பு இல்லை.

ஆனால் நம் கையில் இருப்பதும் நிறைய. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்தப் பம்பும் நின்றுவிடும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள். துணி மடித்துக்கொண்டே செய்யலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஸ்டூல் கேட்கத் தயங்காதீர்கள்.

ஸ்டாக்கிங்ஸைக் காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன்பே போடவேண்டும். வீக்கம் ஏறிய பிறகு போடுவது கஷ்டம், பலனும் குறைவு. மேல் விளிம்பை மடிக்கவே கூடாது. தினமும் போட்டால் ஆறு மாதத்தில் இறுக்கம் போய்விடும், புதிது வாங்குங்கள். எத்தனை நாள் போடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் பாதத்துக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடவேண்டும்.

அப்புறம், வலி இல்லையென்று, சிரையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். தோல் கருத்து அரிக்க ஆரம்பித்தாலே வந்துவிடுங்கள், அடுத்த கட்டம் ஆறாத புண். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அந்த அம்மாவுக்கு லேசர் வைத்த சிரை நன்றாகவே மூடியிருந்தது. கெண்டைக்காலில் வேறொரு சிரையின் வால்வுதான் கசிந்தது. அந்தச் சிரையை அடைக்க ஊசி மருந்து போதும் என்றேன். மறுநாள் வீக்கம் ஏறுமுன் காலையிலேயே வரச்சொல்லி, புது ஸ்டாக்கிங்ஸுக்கு அளவெடுத்தோம். முதலாளியிடம் காட்ட, உட்கார ஸ்டூல் வேண்டும் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன்.