பியர் சப்போர்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

பதின்வயதில் கருவுற்று மனச்சோர்வில் தவிக்கும் பெண்ணுக்கு, அதே பாதையைக் கடந்து வந்த இன்னொரு இளம்பெண் பேச்சுத்துணையாக நிற்பதும் 'பியர் சப்போர்ட்' (peer support), அதாவது ஒரே நிலையைக் கடந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் வகையைச் சேர்ந்ததுதான். தமிழில் 'சக ஆதரவு', 'சகபாடி ஆதரவு' என்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் நிறைவில்லை. சகபாடி என்றால் கூடப் படிப்பவர். வயிறு தெரியத் தொடங்கியதும் பள்ளியை விட்டு நின்றவளுக்கு, இல்லாமல் போனதே அந்தச் சகபாடிகள்தான்.

'பியர்', 'சமம்' என்று பொருள்படும் 'பார்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கிரிக்கெட் 'அம்பயர்' இதற்கு உடன்பிறப்பு என்றால் நம்புவீர்களா? பழைய பிரெஞ்சில் 'நோன்பேர்', அதாவது இணையல்லாதவர். இரு தரப்பிலும் சேராமல் தீர்ப்புச் சொல்லும் மூன்றாமவர். ஆங்கிலத்தில் முதல் 'ந' நழுவி அம்பயர் ஆனது.

இந்தப் பெண்ணைச் சுற்றி அம்பயர்களுக்குப் பஞ்சமில்லை. "இந்த வயசுல இது தேவையா?" என்று ஆளுக்கொரு விரலை உயர்த்துவார்கள். தூக்கமின்மை, பசியின்மை, களைப்பு மூன்றும் கர்ப்பத்திலும் வரும், மனச்சோர்விலும் வரும் என்பதால் "மசக்கைதான்" என்று தள்ளிவிடுவதும் எளிது. "நாலாம் மாசம் எனக்கும் இப்படித்தான், பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க முடியல" என்று ஒருத்தி சொன்னால்தான் அவளுக்கு வாய் திறக்கத் தோன்றும்.

வெறும் ஆறுதல் பேச்சுதானே என்று நினைக்க வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்த 701 தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. முன்பு அதே சோர்வை அனுபவித்து மீண்ட பெண்கள் தொலைபேசியில் பேசினார்கள். 12 வாரங்களில், அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 14 விழுக்காட்டினருக்கும் கிடைக்காதவர்களில் 25 விழுக்காட்டினருக்கும் சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பதின்வயதினருக்கென்றே செய்த ஆய்வல்ல அது. ஆனாலும் துணையின் பலம் தெரிகிறது.

'சப்போர்ட்' லத்தீனில் 'அடியில் நின்று சுமத்தல்'. இதற்கு 'ஆதரவு' என்கிறோம். அது வடமொழி 'ஆதர'வின் வழி வந்தது, மதிப்பும் அன்பும் கலந்தது. தவறில்லை. ஆனால் 'துணை' இருக்கும்போது வேறெங்கும் போவானேன்? துணைக்கு உதவி என்று மட்டுமல்ல, ஒப்பு, இரட்டை, அளவு என்றும் பொருளுண்டு. 'தினைத்துணை' என்று குறள் சொல்வது தினையளவை. பியர், சப்போர்ட் இரண்டையும் இந்த ஒரே சொல் ஏற்கெனவே சுமக்கிறது. அலுவல் எழுத்துக்கு 'ஒத்தோர் துணை' என்று விரித்துக்கொள்ளலாம்.

என் மனதுக்குப் பிடித்தது தொல்காப்பியத்தின் 'உசாத்துணை'. உசாவுதல் என்றால் கேட்டுக் கலந்து பேசுதல். மணத்துக்கு முந்தைய மறைவான காதலைப் பேசும் களவியல் பகுதியில் தலைவியின் தோழிக்குச் சொல்லப்பட்ட சொல் இது. இன்று இலங்கை நூல்களின் கடைசிப் பக்கத்தில் மேற்கோள் நூல் பட்டியலுக்குத் தலைப்பாகிவிட்டது, பாவம்!

ஒத்தோர் துணையாக நிற்பவள் மருத்துவர் அல்லள். "செத்துப்போகலாம்போல இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதே" என்ற பேச்சு வந்தால் அந்த ரகசியத்தைக் காப்பது அவள் வேலையும் அல்ல. உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அகப்பாடல் தோழியும் தலைவியின் ரகசியத்தைக் கட்டிக்காப்பவள்தான், நிலைமை கைமீறும்வரை. பிறகு தலைவியின் வளர்ப்புத்தாயான செவிலியிடம் எடுத்துச் சொல்லிவிடுவாள். அதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல்.