தேவகோட்டை டவுன் என்றால், எது டவுன்?

“அண்ணே, தேவகோட்டை டவுன் ஆயிருச்சு, கொஞ்சம் உடனே பாருங்கண்ணே.”

சப்போர்ட் எண்ணுக்கு இப்படி ஓர் அழைப்பு. எடுத்தவருக்கு இரண்டு தேவகோட்டை தெரியும். ஒன்று காரைக்குடியில் பஸ் ஏறினால் வரும் ஊர். வாடிக்கையாளருக்கு அங்கே ஒரு கிளைக் கடை. இன்னொன்று போன மாதம் வெளியான பில்லிங் மென்பொருளின் கோட்நேம், அதாவது அந்த ரிலீஸுக்கு அணி வைத்துக் கூப்பிடும் பெயர். ஊர்தான் என்று நினைத்து ஆளை அனுப்பினால், அங்கே கடை ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. படுத்துக் கிடப்பது புதுவயல் கடை. அங்கேதான் ‘தேவகோட்டை’ வெர்ஷன் போட்டிருக்கிறது.

இது போன்ற குழப்பம் ஒன்றிரண்டு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். செட்டிநாட்டுப் பக்கம் மென்பொருள் எழுதும் சின்ன அணிகள் ஒவ்வொன்றும் இதே பள்ளத்தில் வரிசையாக விழுவதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ரிலீஸுக்குப் பெயர் எதற்கு என்பதை அதிகம் விளக்க வேண்டாம். தேதி தள்ளும், எண் மாறும், பெயர் நிற்கும். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் எண் என்பது ஆண்டும் மாதமும்தான். 2006 ஏப்ரலில் வரவேண்டிய 6.04 ஜூனுக்குத் தள்ளிப்போனபோது 6.06 ஆகிவிட்டது. ‘டாப்பர் டிரேக்’ என்ற பெயர் அப்படியே இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பெயர்களை அகரவரிசைப்படி வைப்பது எதற்கு? இரண்டு பெயர் காதில் விழுந்தால் எது புதிது என்று யாரையும் கேட்காமல் தெரிய வேண்டும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் இந்த ஒழுங்கு கிடையாது. 2019-ல் வந்த 10 ‘பஸ்டர்’, 2021-ல் வந்த 11 ‘புல்ஸ்ஐ’, 2023-ல் வந்த 12 ‘புக்வார்ம்’. மூன்றும் பி. அகரவரிசைப்படுத்திப் பார்த்தால் புதியது முதலில் வந்து, பழையது கடைசியில் நிற்கும். டெபியன்காரர்களுக்கு அது பழகிவிட்டது. பெரிய கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைப் பழகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

இனி, எனக்கு எரிச்சலூட்டும் இடத்துக்கு வருகிறேன். “அகரவரிசையில பேரு வச்சாச்சு, இனிமே சிஸ்டமே வரிசையாக் காட்டிரும்” என்கிறார்கள். எந்த அகரவரிசை ஐயா? தமிழில் பெயர் வைத்துவிட்டு ஃபோல்டருக்கு ஆங்கில எழுத்தில் பெயர் கொடுக்கிறீர்கள். இரண்டும் ஒரே வரிசை என்று யார் சொன்னது?

நம் வீட்டுப் பலகாரத்தையே எடுத்துக்கொள்வோம். அதிரசம், இடியாப்பம், உக்காரை, எள்ளுருண்டை, ஓமப்பொடி, கந்தரப்பம், சீயம், தேன்குழல், பணியாரம், மனகோலம், வடை. பதினொரு பெயர், தமிழ் வரிசையில் அப்பழுக்கில்லை. இப்போது இவற்றின் ஆங்கில முதலெழுத்தை வரிசையாகச் சொல்லுங்கள்: ஏ, ஐ, யூ, இ, ஓ, கே, எஸ், டி, பி, எம், வி. இதைக் கம்ப்யூட்டர் அடுக்கினால் ஏ, இ, ஐ, கே, எம், ஓ, பி, எஸ், டி, யூ, வி என்று வரும். மூன்றாவது ரிலீஸான உக்காரை பத்தாவது இடத்துக்குப் போய்விட்டது. பத்தாவதான மனகோலம் ஐந்தாவது. அதிரசமும் வடையும் மட்டும் இருந்த இடத்தில் இருக்கின்றன, மீதி ஒன்பதும் இடம் மாறிவிட்டன. அதிலும் சீயத்தை எஸ் போட்டு எழுதினால்தான் இந்தக் கணக்கு. அணியில் ஒருவர் சி போட்டு எழுதிவிட்டால் அது எட்டாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குத் தாவும். “கடைசியாக உள்ள ஃபோல்டரை எடுத்து நிறுவு” என்று ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சின்ன நிரல்) எழுதி வைத்திருந்தால், நான்காவது ரிலீஸ் வரும் நாளில் அது எள்ளுருண்டையை விட்டுவிட்டு உக்காரையையே மறுபடி நிறுவும். பிழைச் செய்தியும் வராது.

“அப்படியானால் ஃபோல்டரையும் தமிழிலேயே வைப்போம்” என்பார் ஒருவர். வையுங்கள். ஆனால் மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டும் டாக்கரில், பொட்டலத்துக்கு ஒட்டும் டேகில் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு, புள்ளி, சிறுகோடு தவிர எதுவும் நுழையாது. எங்கோ ஓரிடத்தில் ஆங்கில எழுத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். சரி, எல்லாம் தமிழிலேயே முடிந்தது என்று வைத்துக்கொண்டாலும் பள்ளத்தூரையும் பனையப்பட்டியையும் அடுக்கிப் பாருங்கள். அகராதியில் ள முன்னால், ன கடைசி. ஆகவே பள்ளத்தூர் முதலில் வரவேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு குறியெண் தரும் யூனிகோடில் ன-வின் இடம் ந-வுக்கு அடுத்து. வெறும் குறியெண்ணை வைத்து அடுக்கினால் பனையப்பட்டி முந்திக்கொள்ளும். ஐசியூ என்ற நிரல் நூலகத்தில் தமிழ் லோக்கேலை (தமிழுக்கான மொழி அமைப்பை) வைத்து அடுக்கினால் சரியாகும். பேக்கப் ஸ்கிரிப்டுக்குள் யார் அதைப் போய் வைக்கிறார்கள்?

தீர்வு ஒன்றுதான், அதுவும் அற்பமானது. பெயருக்கு முன்னால் இரண்டு இலக்க எண். 01-அதிரசம், 02-இடியாப்பம், 03-உக்காரை. ஒற்றை இலக்கம் போடாதீர்கள். பத்தாவது வரும்போது அது ஒன்றுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். பெயர் வாய்க்கு, எண் மெஷினுக்கு. நம் ஊரில் இதைச் சொல்லியா தர வேண்டும்? வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றுதானே பெயருக்கு முன்னால் விலாசம் (குடும்பத்து முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) வைத்தார்கள், பித்தளைப் பாத்திரத்தில்கூட அதை வெட்டி வைத்தார்கள்.

சொல்லைச் சுருக்கும் பழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உபுண்டு பெயர்களில் முதல் சொல் மட்டுமே புழங்கும். ‘ஜாமி ஜெல்லிஃபிஷ்’ வெறும் ‘ஜாமி’ ஆகும், ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் நாம் பின்பாதியைத்தான் பிடித்துக்கொள்வோம். வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கருப்பட்டிப் பணியாரம் என்று மூன்று ரிலீஸுக்குப் பெயர் வைத்தால், மூன்றாம் நாளே மூன்றும் ‘பணியாரம்’. எனவே ஒற்றைச் சொல். பட்டியலில் ஒரே ஒரு பணியாரம்.

ஊர்ப் பெயரில் இதே சிக்கல் இன்னும் மோசம். பாதி ஊர் ‘பட்டி’யில் முடியும், மீதி ‘குடி’யில். ஆத்தங்குடி ஒரு ரிலீஸ், இளையாத்தங்குடி இன்னொன்று என்று வைத்தால் போனில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ஆங்கில எழுத்தில் முதல் பெயர் இரண்டாவதற்குள் அப்படியே அடங்கிக் கிடக்கும், லாகில் (மென்பொருள் எழுதி வைக்கும் பதிவுகளில்) ஒன்றைத் தேடினால் இரண்டும் வந்து விழும். ராங்கியம் என்று எழுதுவீர்களா, இராங்கியமா? ராயவரமா, இராயவரமா? எழுதுகிறவரைப் பொறுத்து ஒரே பெயர் ர-வுக்கும் இ-க்கும் தாவும்.

நகரத்தார் குலப்பிரிவுகளுக்கு உரிய ஒன்பது நகரக் கோயில்களின் பெயரை வைக்கலாமே என்ற யோசனை இந்தப் பக்கத்தில் யாராவது ஒருவருக்குக் கட்டாயம் வரும். தயவுசெய்து வேண்டாம். கணக்கே உதைக்கிறது: இளையாற்றங்குடி, இரணியூர், இலுப்பைக்குடி மூன்றும் இ, வைரவன்கோயில், வேலங்குடி இரண்டும் வ. மாத்தூர், நேமம், சூரைக்குடி, பிள்ளையார்பட்டியையும் சேர்த்தால் ஒன்பது பெயருக்கு ஆறே எழுத்து. அதைவிடப் பெரிய காரணம் வேறு. நகரத்தார் வீடுகளில் “நீங்க எந்தக் கோயில்?” என்று கேட்டுத்தான் பெண் கொடுப்பதும் எடுப்பதும். “வேலங்குடில ஏகப்பட்ட பக், தூக்கிட்டு பழைய மாத்தூரைப் போடு” என்று ஆபீஸில் ஒருவர் கத்துவதை ஒரு பெரியவர் கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆகவே எந்தப் பெயரையும் முடிவு செய்யுமுன் மூன்று வாக்கியத்தில் போட்டுச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். “——ல ஓட்டை இருக்கு.” “——ஐத் தூக்கிட்டோம்.” “—— செத்துப்போச்சு, இனிமே சப்போர்ட் கிடையாது.” சாமி, சாதி, கோயில், உயிரோடிருக்கும் மனிதர் எல்லாம் இந்த மூன்று வாக்கியத்திலேயே கழிந்துவிடும். வாடிக்கையாளருக்குக் கடையோ கிளையோ இருக்கும் ஊரும் கழிய வேண்டும். வணிகப் பெயர்களுக்கு அனுமதி தேவை. ஆண்ட்ராய்டு 4.4-க்கு 2013-ல் ‘கிட்கேட்’ என்று வைத்தது நெஸ்லேயுடன் பேசி முடித்த பிறகுதான்.

எத்தனை பெயர் வேண்டும் என்பதை எழுத்தை எண்ணி முடிவு செய்யாதீர்கள், ரிலீஸை எண்ணுங்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்து. இரண்டு வாரத்துக்கு ஒன்று வெளியிட்டால் சரியாக ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒன்று என்றால் 13 வருஷம். பெரிய ரிலீஸுக்கு மட்டும் பெயர், இடையில் வரும் சின்னத் திருத்தங்களுக்கு எண் போதும். தமிழ் வரிசை என்றால் 247 இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ங, ஞ, ய, ஔ பெயரளவுக்குத்தான். ஔ நீங்கலாக உயிர் 11, அதோடு க, ச, த, ந, ப, ம, வ என்று ஏழு. மொத்தம் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகாரப் பட்டியலில் ஈ, ஏ, ந மூன்றுக்கும் நான் தேடி அலுத்துவிட்டேன். கிடைக்காத எழுத்தைத் தாண்டிப் போனால் தப்பில்லை. உபுண்டுவின் முதல் மூன்று பெயர்கள் டபிள்யூ, ஹெச், பி. நாலாவதிலிருந்துதான் டி, இ என்று வரிசை பிடித்தது, அந்தச் சுற்றில் சி வரவேயில்லை. வரிசை குலையக் கூடாது, அவ்வளவுதான்.

முழுப் பட்டியலும் முதல் ரிலீஸுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். தாலி கட்டுகிற அன்றைக்கா சாமான் பட்டியல் போடுவீர்கள்? ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மாற்றுப் பெயர் சேர்த்து எழுதுங்கள். தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் சிறிய எழுத்தாக ஒரே ஒரு எழுத்துக்கூட்டிலும் பதியுங்கள். பிறகு யாரும் அதைத் திருத்தக் கூடாது. கைவிட்ட ரிலீஸின் பெயரை அடுத்ததற்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பழைய மெயிலில் இருக்கும் பெயர் எதைக் குறிக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது. டேட்டாபேஸ் டேபிள் பெயர், ஏபிஐ (பிற மென்பொருள்கள் நம்முடையதோடு பேசும் வழி) முகவரி, லைசென்ஸ் ஃபைல் மூன்றிலும் கோட்நேம் நுழையவே கூடாது.

பட்டியல் தீர்ந்தால்? உபுண்டு 2017 ஏப்ரலில் 17.04 ‘ஜெஸ்டி ஜாபஸ்’ஸோடு இஸட்டை முடித்து, அக்டோபரில் 17.10 ‘ஆர்ட்ஃபுல் ஆர்ட்வார்க்’ என்று ஏ-க்குத் திரும்பியது. பெயரை வைத்து “இதைவிடப் புதிதா” என்று பார்க்கும் எந்த ஸ்கிரிப்டுக்கும் அன்றைக்குப் புதியது பழையதாகத் தெரியும். ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள் 2010-ல் ‘ஆஸ்டின்’ என்று தொடங்கி 2022-ல் ‘ஸெட்’ வரை 26 பெயரையும் முடித்தது. அடுத்ததற்கு வெறும் ‘ஆன்டிலோப்’ என்று வைக்காமல் 2023.1 ஆன்டிலோப் என்று ஆண்டையும் முன்னால் சேர்த்துக்கொண்டது. நான் சொல்லும் எண்ணும் அதே வேலைதான்.

ஏற்கெனவே ஊர்ப் பெயரில் மாட்டிக்கொண்டவர்கள் பெயரை மாற்றாதீர்கள், குழப்பம் இரட்டிப்பாகும். பில்லின் கடைசி வரியில் வெர்ஷன் எண் அச்சாகும்படி செய்யுங்கள். மலிவான தெர்மல் பிரிண்டரில் தமிழை எழுத்தாக அனுப்பினால் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். எண் மட்டும் போதும். அழைப்பவரிடம் முதலில் அந்த வரியை வாசிக்கச் சொல்லுங்கள், ஊரை அதற்கப்புறம் கேளுங்கள்.