வல்லத்தை விற்பதற்கு முன்னால்

போன மாதம் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ஒரு கையில் கணவரின் ஸ்கேன் கவர், இன்னொரு கையில் போன். "டாக்டரம்மா, இந்த ஊசி போட்டா அவருக்குக் கை வந்துருமாம். நாலு லட்சம் கேக்குறாங்க. மீன்பிடிக்கிற வல்லத்தைக் கொடுத்துரலாமான்னு இருக்கோம்." போனில் ஓடியது ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்) சிகிச்சை விளம்பரம்.

எட்டு மாதத்துக்கு முன் கடலில் கால் வழுக்கி, இன்ஜினில் அவருடைய தலை மோதியிருக்கிறது. கரை சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தார். வலது கையும் பேச்சும் இன்னும் சரியாகவில்லை.

தலையில் அடிபட்டால் மூளைக்குச் சேதம் இரண்டு முறை நடக்கிறது. முதலாவது, அடிபட்ட அந்த நொடியில். அதை எந்த மருந்தாலும் மாற்ற முடியாது. இரண்டாவது, அடுத்து வரும் மணி நேரங்களிலும் நாட்களிலும். ரத்தக்கசிவு பெருகும், மூளை வீங்கும், ஆக்சிஜன் குறையும். மூளையைக் காக்கும் மருந்து என்று உலகம் தேடுவதெல்லாம் இந்த இரண்டாவது சேதத்தைத் தடுக்கத்தான்.

அந்தத் தேடலில் தோல்விகளே அதிகம். வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பிப் பல காலம் ஸ்டீராய்டு கொடுத்தோம். பத்தாயிரம் பேரிடம் சோதித்து 2004ல் முடிவு வந்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். எலிகளின் மூளையைக் காத்த புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன், 2014ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் மனிதர்களுக்கு உதவவில்லை. இங்கே பலருடைய சீட்டில் இருக்கும் சிட்டிகோலினையும் 2012ல் 1,213 தலைக்காய நோயாளிகளிடம் சோதித்தார்கள். பலன் தெரியவில்லை. பிரஷர் மாத்திரை வாங்கக் காசில்லை என்று விட்டுவிட்டு, இந்த மாத்திரையை மட்டும் தவறாமல் வாங்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வேதனையாக இருக்கும்.

ஸ்டெம் செல் கதை என்ன? விஞ்ஞானம் உண்மையானது, நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. தலைக்காயத்துக்குப் பின் நீடிக்கும் கைகால் செயலிழப்புக்காக, மூளைக்குள்ளேயே செலுத்தும் ஒரு செல் சிகிச்சைக்கு 2024ல் ஜப்பான் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. ஆனால் நம் நாட்டில் பக்கவாதம் வந்த 120 பேரிடம் நடந்த ஆய்வில், அவரவர் எலும்பு மஜ்ஜை செல்களையே எடுத்து ரத்தக்குழாய் வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். ஆபத்தில்லை, பலனுமில்லை என்று 2014ல் முடிவு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். ஆய்வு என்றால் நோயாளியிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன்: "சி.டி.ஆர்.ஐ. பதிவு எண், அதாவது நம்ம நாட்டு மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண், கொடுங்கன்னு கேளும்மா. நாலு லட்சம் எதுக்குன்னும் கேளு."

அப்புறம், உண்மையிலேயே உதவும் ஒரு மருந்து. டிரனெக்சாமிக் ஆசிட். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமானால் கொடுக்கும் அதே மலிவான பழைய மருந்துதான். 29 நாடுகளில் 12,737 பேரிடம் நடந்த ஆய்வு 2019ல் வெளியானது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் ஊசியாகப் போட்டபோது, லேசான, நடுத்தரமான தலைக்காயம் பட்டவர்களில் சாவு குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. இதை வீட்டில் மாத்திரையாக வாங்கிக் கொடுக்கும் வேலை வேண்டாம்; ஸ்கேனும் மருத்துவரும் அருகில் இருக்க வேண்டும்.

நம் கடற்கரையில் அந்த மூன்று மணி நேரம்தான் சிக்கல். அதனால் படகுக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: 108ஐக் கூப்பிடக் கரையேறும்வரை காத்திருக்காதீர்கள். போனில் சிக்னல் வந்தவுடனே கூப்பிட்டு, எந்தத் துறைக்கு வருகிறோம் என்று சொல்லுங்கள். மயங்கியவர் வாயில் சோடாவோ காப்பியோ ஊற்ற வேண்டாம். கழுத்து அசையாமல் பிடித்து, உடம்பை மொத்தமாக ஒருக்களித்துத் திருப்புங்கள். சாலை விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. பணத்துக்காகத் தயங்கி நிற்க வேண்டாம்.

பக்கவாதத்துக்கும் இதே அவசரம். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகு. வாய் கோணி, கை விழுந்த ஒருவருக்குப் புறா ரத்தம் தடவிப் படுக்கவைத்துவிட்டு மறுநாள் கூட்டிவந்தார்கள். அன்று என்னால் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

தங்கச்சிமடத்துக்காரர் வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வருகிறார். மற்ற நாட்களில் மனைவியே பயிற்சி கொடுக்கிறார். விரல்கள் மெல்ல மடங்க ஆரம்பித்திருக்கின்றன. முன்போல் ஆகுமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை, கொடுக்கவும் இல்லை. வல்லத்தில் இப்போது மச்சான் தொழிலுக்குப் போகிறார்.